விரலுக்குத் தக்க வீக்கம்

டிசம்பர் முப்பத்தொன்று, பின்னேரம் நாலரை.
மொன்றியலுக்கு இருட்டிவிட்டது.
ஜான் தலோன் தெரு ஓரமாய் வேனை நிறுத்தி
ஹீட்டரில் விரல்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது
ஜாக்கெட்டின் உள்பையில் தட்டுப்பட்டது
போன வருஷத்துப் பட்டியல்.
ஃபார்மசி ரசீதின் பின்பக்கம்,
நீல மை, என் கையெழுத்து,
ஒன்பது வரி.

ஓடுவேன். விடுவேன். சேர்ப்பேன். படிப்பேன்.
பாதி வரிகள் வேனில் முடிகின்றன,
மீதி பேனில்.
பேன் வருஷம் முழுக்கத் தலையைக் கடித்தது.
ஓடியது வேன் மட்டும்,
அதுவும் அடுத்தவர்களின் பிரஷர் குளிசைகளோடு.

பத்தாயிரம் டாலர் சேர்ப்பேனாம்.
சேர்ந்தது நானூற்றுப் பன்னிரண்டு.
மார்ச்சில் அதை பிரேக் தின்றது.
பதினைந்து கிலோ குறைப்பேனாம்.
குறைந்தது ஒரு தொப்பி,
இடக்கைக்கு ஒரு கையுறை.

பிரெஞ்சு படிப்பேன் என்பதில் மட்டும்
கொஞ்சம் உண்மை இருந்தது.
ஏழு புதன்கிழமை வகுப்புக்குப் போனேன்.
நிகழ்காலம் முடித்தோம். இறந்தகாலம் முடித்தோம்.
எதிர்காலம் தொடங்க இருந்த கிழமை
எனக்கு ஷிப்ட் மாறிவிட்டது.
இந்த ஊரின் மொழியில் எனக்கு இன்னும்
நாளை என்று ஒன்று கிடையாது.
வந்திருக்கிறேன். மருந்து இருக்கிறது. கையெழுத்து வையுங்கள்.
இதை வைத்தே பதினொரு மாதம் ஓட்டியாயிற்று.

ஒன்பதாவது வரி:
கேதீஸோடு கதைப்பேன்.

பாலம் தாண்டினால் லாவால், இருபது நிமிஷம்.
ஒரு சீட்டுக்காசு, ஒரு சாமத்தியவீடு,
ஆறு வருஷம்.
எங்கள் ஃபார்மசி பாலத்துக்கு அப்பால் டெலிவரி செய்வதில்லை
என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள்.
இடக்கை விரல் நாலும்
குளிருக்குச் சிவந்து உப்பிக் கிடக்கின்றன.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
வீக்கத்துக்குத் தன் அளவு தெரிந்திருக்கிறது,
மணிக்கட்டைத் தாண்டி ஆசைப்படவில்லை.

புது ரசீது ஒன்றைத் திருப்பினேன்.

கையுறை வாங்குவது. இரண்டு கைக்கும்.
வெளிப்படி பதினேழுக்கும் உப்புப் போடுவது
என்று எழுதி, வெட்டி,
மேல் ஆறு படிக்கு.
மிச்சத்தைக் கீழ்வீட்டு கோஸ்தாஸ் பார்ப்பார்.
பார்க்காவிட்டாலும் சண்டைக்குப் போவதில்லை
(இதைத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும்).
சிகரெட், வேனுக்குள் இல்லை.
விடுவதைப் பற்றி இந்த வருஷம் பேச்சே இல்லை.
வாரம் பத்து டாலர், சுகிர்தாவுக்குச் சொல்லாமல்.
பிறகு யோசித்து: சொல்லி.
பிரெஞ்சில் ஒரேயொரு வினைச்சொல்,
எதிர்காலத்தில், தன்மை ஒருமையில்.
எதுவென்று வகுப்பே முடிவுசெய்யட்டும்.

கேதீஸோடு என்று தொடங்கினேன்,
பேனை நின்றது.
கதைப்பேன் என்பது எனக்கு மிகப் பெரிய சொல்.
அவனுடைய நம்பர் இருக்கிறதா என்று பார்ப்பது
என்று எழுதினேன்.

பார்த்தேன்.
இருக்கிறது.
வருஷம் பிறக்க முன்னமே ஒரு சரி போட்டது
இதுதான் முதல் தடவை.

படத்தில் தாடி வைத்திருக்கிறான். நரைத்த தாடி,
தோளில் பனி அள்ளும் சவள்,
யாரோ பகிடி விட்டதற்குச் சிரித்த முகம்.
பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில்
கடைசியாகப் பார்த்தது: இன்று, நாலு நாற்பத்தொன்று.

இப்போது நாலு நாற்பத்திரண்டு.

இன்னும் ஏழு மணித்தியாலம் பழைய வருஷம்தான்,
அவசரம் இல்லை.
பின்சீற்றில் ஒரு பொதி பாக்கி,
தைராய்டு குளிசை, மூன்றாம் மாடி,
ஐந்து மணிக்கு முதல் கொடுக்க வேண்டும்.
ஃபோனை அணைக்காமல்
டாஷ்போர்டில் வைத்துவிட்டு
பொதியை வலக்கையால் எடுத்தேன்.